கையில் பூச்சியம், நிதியத்தில் 14%: சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளரின் ஓய்வுப் பணமும் வருமான வரியும்

1. கேள்வி

ஒருவர் தன் சேமிப்பை மொத்தமாக ஒரு காப்புறுதி நிறுவனத்திடமோ நிதியத்திடமோ ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாக ஆயுள் முழுவதும், அல்லது குறித்த ஆண்டுகளுக்கு, தவணையாகப் பணம் பெறுகிறார். இதுவே ஆண்டுத்தொகை. அவர் கைக்கு வரும் ஒவ்வொரு தவணையிலும் இரண்டு பணம் கலந்திருக்கிறது. ஒன்று அவர் போட்ட முதல்; மற்றது அந்த முதல் ஈட்டிய வட்டி. முதலுக்கு வருமான வரி கேட்பது முறையில்லை, வட்டிக்குக் கேட்கலாம். ஆனால் தவணைப் பணத்தில் எது முதல், எது வட்டி என்று எழுதியா வருகிறது? எவ்வளவுக்கு வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் இக்கேள்விக்கு என்ன வேலை என்று வாசகர் நினைக்கலாம். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஓய்வு பெறும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுத்தொகை என்று ஒன்று கிடைப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகிய மூன்றும் மொத்தமாகவே வருகின்றன. அவர் வருமான வரிக் கோப்புத் திறந்தவரும் இல்லை. ஆகவே தோட்டத் தொழிலாளியின் ஓய்வுப் பணத்துக்கும் வருமான வரிக்கும் தொடர்பில்லை என்பது பொதுவான புரிதல். தொழிற்சங்க மேடைகளிலும் இந்தப் பேச்சு எழுவதில்லை. இப்புரிதல் பாதி சரி. தொழிலாளியின் கையில் வரி பூச்சியம் என்பது உண்மை. பணம் அவர் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டாவதைப் பற்றியே இக்கட்டுரை.

2. ஒரே தவணை, நான்கு விடைகள்

முதலையும் வட்டியையும் பிரிப்பது பற்றிய பழைய வழக்குகளில் ஒன்று இந்திய ரயில்பாதையிலிருந்து வந்தது. பம்பாயிலிருந்து தொடங்கிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயை 1900இல் இந்தியாவுக்கான அரசுச் செயலர் விலைக்கு வாங்கினார். விலையை ஒரே தடவையில் கொடுக்காமல் 48 ஆண்டுகளுக்கு ஆண்டுத்தொகையாகக் கொடுக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. வருமான வரிச் சட்டத்தில் ஆண்டுத்தொகை என்ற பெயர் இருக்கிறது, எனவே முழுத்தொகைக்கும் வரி உண்டு என்றது வரித்துறை. 1903இல் பிரித்தானியாவின் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. தவணையில் ஒரு பகுதி விற்ற சொத்தின் விலை. பெயரைக் காட்டி அதை வருமானமாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்ட மாணவர்கள் இதை ஸ்கோபிள் வழக்கு என்பர்.

ரயில்வே பங்குதாரருக்கு 1903இல் கிடைத்த நியாயம், சொந்தச் சேமிப்பைக் கொடுத்து ஆயுள் ஆண்டுத்தொகை வாங்கிய பிரித்தானிய முதியவர்களுக்கு 1956ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் பின்னரே கிடைத்தது. அதுவரை அவர்கள் தங்கள் சொந்த முதலுக்கே ஆண்டுதோறும் வரி கட்டினார்கள். வரிச் சட்டத்தில் எவருடைய கேள்வி முதலில் கேட்கப்படுகிறது என்பதை இந்த 53 ஆண்டு இடைவெளி காட்டுகிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1934 வரை, போட்ட முதல் முழுவதும் திரும்பி வரும்வரை வரி இல்லை. அதன் பின் வருவதெல்லாம் வருமானம். 1934இல் விதி மாறியது. ஆண்டுதோறும் போட்ட முதலின் 3% வருமானம், மிகுதி முதல், முதல் தீர்ந்தபின் எல்லாமே வருமானம் என்றானது. 1954இல் விகித முறை வந்தது. மொத்தமாக எதிர்பார்க்கும் தொகையில் போட்ட முதல் எத்தனை பங்கோ, ஒவ்வொரு தவணையிலும் அத்தனை பங்குக்கு வரி விலக்கு. இவற்றோடு வங்கிக் கடன் அட்டவணை போன்ற குறையும் நிலுவை முறையையும் சேர்த்தால் நான்கு வழிகள் ஆகின்றன.

இவற்றை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். ஓய்வு பெற்ற ஒருவர் 15 இலட்சம் ரூபாவை 8% வட்டியில் 15 ஆண்டு ஆண்டுத்தொகையாக மாற்றுகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 175,244 ரூபா கிடைக்கும். முதலை முன்னே கழிக்கும் முறையில் எட்டு ஆண்டுகளுக்கு வரிக்குரிய தொகை பூச்சியம், ஒன்பதாம் ஆண்டில் ஒரு பகுதி, பின்னர் முழுவதும். 3% முறையில் ஆண்டுக்கு 45,000 ரூபா வரிக்குரியது, பன்னிரண்டாம் ஆண்டில் முதல் தீரும்வரை. விகித முறையில் எல்லா ஆண்டிலும் 75,244 ரூபா. குறையும் நிலுவை முறையில் முதலாண்டு 120,000 ரூபா, கடைசி ஆண்டு 12,981 ரூபா. நான்கு முறையிலும் 15 ஆண்டுகளின் கூட்டுத்தொகை ஒன்றுதான்: 1,128,660 ரூபா. எப்போது கட்டுவது என்பதில்தான் வேறுபாடு. ஆயுள் ஆண்டுத்தொகையில் இந்த ‘எப்போது’ பெரிய விடயம். பெறுபவர் இடையில் இறந்துவிட்டால், முறையைப் பொறுத்து, முதலை முழுதாகத் திரும்பப் பெறாமலே அவர் வரி கட்டியிருக்கக்கூடும்.

இலங்கையில் 1932ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்டத்திலேயே ஆண்டுத்தொகை வருமான மூலங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் அதை முதலீட்டு வருமானத்தில் வட்டி, பங்கிலாபம், வாடகையோடு சேர்த்துச் சொல்கிறது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விடுப்பு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. மேலே சொன்ன 175,244 ரூபா முழுவதையும், முதல் வட்டி என்ற பாகுபாடே இல்லாமல், வருமானம் என்று எடுத்துக்கொண்டாலும் வரி இல்லை. அதன் பத்து மடங்குகூட விடுப்பு வரம்புக்குள் அடங்கும். வேறு வருமானம் இல்லாத தோட்டத் தொழிலாளி ஆண்டுத்தொகை பெறுபவராக இருந்திருந்தால், எந்த முறையைக் கையாண்டாலும் அவருடைய வரி பூச்சியம்தான். அடுத்த பகுதிகளின் வாதம் இந்த முடிவின் மேல் நிற்கிறது.

3. தோட்டத்துக் கணக்கு

சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 8%, தோட்ட நிர்வாகம் 12%. நம்பிக்கை நிதிக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் மட்டும் 3%. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வீதத்தில், 25 நாள் பேர் (வேலைநாள் பதிவு) விழுந்தால் மாதச் சம்பளம் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 6,750 ரூபா.

‘விழுந்தால்’ என்ற சொல்லைச் சப்ரகமுவவில் அழுத்தியே சொல்ல வேண்டும். தென்மேல் பருவமழை நேராக வந்து மோதும் பகுதி இது. விடியற்காலையில் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டைக்குப் பால் வராமல் மழைநீரோடு மரத்தில் வழிந்துவிடும். வேறு வேலை கொடுக்கப்படாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சேமலாப நிதியும் இல்லை. நுவரெலியாவின் தேயிலையை மனதில் வைத்து எழுதப்படும் மலையகப் பொருளாதாரக் கட்டுரைகள் தெரணியகலையின் இந்த மழைக்கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி. ஐந்தாண்டு சேவை முடித்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாட்சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். 30 ஆண்டு சேவை, 1,350 ரூபா என்றால் 567,000 ரூபா. ஓய்வின்போது ஒரே தடவையில் கிடைக்கும் இத்தகைய கொடுப்பனவுகளில் முதல் ஒரு கோடி ரூபாவுக்கு வரி வீதம் 0%, அடுத்த ஒரு கோடிக்கு 6%, அதற்கு மேல் 12%. 1,350 ரூபா என்ற வீதத்தில் ஒரு கோடி ரூபா பணிக்கொடை பெற ஒரு கொழுந்துப் பெண் 529 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். சேமலாப நிதியில் சேர்ந்த முதலீட்டு வருமானமும் உறுப்பினர் கையில் வரிவிலக்குப் பெற்றது. ஆக, கையில் பூச்சியம்.

பணத்தைக் கையில் எடுப்பதே தனிப் பாடு. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. மாரியாயி ஓரிடத்தில் மாரியம்மா ஆகியிருப்பார். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறியிருக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, தோட்ட அலுவலகத்துக்கும் தொழில் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, பின்னர் ஜனவசம என்ற அரச சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992இல் கேகாலை, பலாங்கொடை, காவத்தை போன்ற பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவேடுகளும் கைமாறின.

4. மொத்தமாகக் கொடுப்பது யாருக்கு வசதி?

ஆண்டுத்தொகை ஏன் இல்லை? தொழிலாளர் மொத்தப் பணத்தையே விரும்புகிறார்கள் என்பது வழக்கமான பதில். பிள்ளையின் கலியாணம், அடகில் இருக்கும் நகை, லயத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டுவது என்று செலவுகள் காத்திருக்கின்றன. விருப்பம் உண்மையானதுதான். ஆனால் அந்த விருப்பம் உருவான சூழலையும் பார்க்க வேண்டும்.

சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி இருந்தனர். சேமலாப நிதிச் சட்டத்துக்கு ஆறு ஆண்டு கழித்து, 1964 ஒக்டோபர் 30இல், இலங்கை, இந்திய அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்குப் போகிறவர்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட்ட உடைமைகளைக் கொண்டுபோகலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் எழுதப்பட்டது. ஆண்டுத்தொகை என்பது வாங்குபவரும் கொடுப்பவரும் இருபது ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு. மண்டபம் முகாமுக்குக் கப்பலேறப் போகும் குடும்பத்துக்கு மாதாமாதம் கேகாலையிலிருந்து பணம் அனுப்புவதை யார் நினைத்தார்கள்? மொத்தப் பணம் நாடு முழுவதற்குமான சட்டத்தின் ஏற்பாடு என்பதும், தோட்ட மக்களுக்காக அது வகுக்கப்படவில்லை என்பதும் உண்மை. அனுப்பி வைக்கும் அரசியலுக்கு அது பொருந்தி வந்தது என்பது என் வாசிப்பு.

தனியார் துறைக்கு ஓய்வூதியம் கொண்டுவரும் முயற்சி 2011இல் நடந்தது. ஊழியர் ஓய்வூதிய நன்மைகள் நிதியச் சட்டமூலம் தங்கள் சேமிப்பில் கைவைக்கிறது என்று தொழிலாளர் அஞ்சினர். மே 30இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பொலிஸார் சுட்டதில் றொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி காயப்பட்டு இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. அதன் பின் ஆண்டுத்தொகை பற்றிப் பேசுவது எந்த அரசுக்கும் எளிதாக இருக்கவில்லை. தொழிலாளர் பக்கத்திலிருந்தும் அந்தக் கோரிக்கை பெரிதாக எழவில்லை. அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது.

5. வரி பிடிக்கப்படும் இடம்

சேமலாப நிதியத்தின் முதலீட்டு வருமானத்துக்கு 2018 ஏப்ரல் முதல் 14% வரி. நிதியம் வரியைக் கட்டிவிட்டு, மிஞ்சியதிலிருந்து உறுப்பினருக்கு வட்டி அறிவிக்கிறது. ஆண்டுக் கூற்றில் உறுப்பினர் காண்பது வட்டியை மட்டுமே. வரி அங்கே இல்லை. காணாத வரியைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

இந்த 14% பொதுவெளிக்கு வந்தது 2023இல். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு 2023 ஜூலை 1இல் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளுக்கு மாற்றிக்கொள்ளும் ஓய்வு நிதியங்களுக்கு 14% தொடரும், மாற்றாதவற்றுக்கு முறி வருமானத்தின் மீது 30% என்று உண்ணாட்டரசிறைச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய முறிகளுக்கு வட்டி 2025 வரை 12%, பின்னர் 9%. சேமலாப நிதியம் மாற்றிக்கொண்டது. வேறு தெரிவு இருந்ததாகச் சொல்வது கடினம்.

வங்கிகளை விட்டு நிதியங்களை மட்டும் ஏன் தொட்டார்கள் என்ற கேள்விக்கு அரசு தரப்பின் பதில் இது: வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, நிதியங்களோ 14% என்ற சலுகையை அனுபவிக்கின்றன. கம்பனி வீதமான 30%ஐ அளவுகோலாக வைத்தால் 14% சலுகைதான். ஆனால் நிதியம் கம்பனி இல்லை. அதன் வருமானம் முழுவதும் உறுப்பினருடையது. சரியான அளவுகோல் உறுப்பினரின் சொந்த வீதம். கொழும்பில் 36% வீதத்தை எட்டிவிட்ட உயர் அதிகாரியும் அதே நிதியத்தின் உறுப்பினர். அவருக்கு 14% பெருஞ்சலுகை. பலாங்கொடையில் கொழுந்து பறிப்பவருக்குச் சொந்த வீதம் பூச்சியம். அவருக்கு அது முழு வரி. ஒரே வீதம் மேலே இருப்பவருக்குத் தள்ளுபடியாகவும் கீழே இருப்பவருக்குச் சுமையாகவும் விழுகிறது. 2023 விவாதத்தில் முறிவட்டி பற்றி நிறையப் பேசப்பட்டது. வீதத்தின் இந்த ஏற்றத்தாழ்வுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

14% என்றால் நூறில் 14 போகிறது என்று எண்ணுவதும் தவறு. ஆண்டுதோறும் பிடிக்கப்படும் வரி, பின்னர் வட்டி ஈட்டியிருக்கக்கூடிய பணத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. 1 இலட்சம் ரூபா 20 ஆண்டு நிதியத்தில் கிடக்கிறது, முதலீடு ஆண்டுக்கு 10% ஈட்டுகிறது என்று கொள்வோம். வரி இல்லையேல் முடிவில் 672,750 ரூபா. 14% வரி போனால் ஆண்டு வருவாய் 8.6% ஆகிறது; முடிவில் ஏறத்தாழ 520,700 ரூபா. குறைவு 152,000 ரூபா. ஈட்டிய வட்டியில் கால் பங்குக்கும் மேல். இதே வட்டி ஓய்வின் பின் ஆண்டுத்தொகையாக அவர் கைக்கு வந்து அங்கே மதிப்பிடப்பட்டிருந்தால், இரண்டாம் பகுதியில் கண்டபடி, வரி பூச்சியம்.

வட்டி எல்லாமே வருமானமா என்பது இன்னொரு கேள்வி. 2022இல் நிதியம் 9% வட்டி கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70%ஐ ஒட்டி நின்றது. அரிசியையும் மண்ணெண்ணெயையும் கொண்டு அளந்தால் அந்த ஆண்டு சேமிப்பு தேய்ந்தது. தேய்ந்த சேமிப்பின் மேல் வருமான வரி பிடிக்கப்பட்டது. ஸ்கோபிள் வழக்கின் தர்க்கத்தை இங்கே நீட்டினால், அந்த 9% முழுவதும் முதல் திரும்பி வந்ததுதான், அதுவும் முழுசாக வரவில்லை. எந்த நாட்டு வரிச் சட்டமும் எளிதில் ஏற்காத வாதம் இது என்பதும் எனக்குத் தெரியும்.

அரசாங்க ஊழியரின் ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டால் முரண் கூர்மையாகிறது. அது உண்மையான ஆயுள் ஆண்டுத்தொகை. அரசாங்கம் செலுத்தும் ஓய்வூதியம் வருமான வரியிலிருந்து விலக்கும் பெற்றது. இரத்தினபுரிக் கச்சேரியின் ஓய்வூதியர் ஆண்டுத்தொகையைப் பெறுகிறார், வரி இல்லை. பக்கத்துத் தோட்டத்தின் தொழிலாளிக்கு ஆண்டுத்தொகையே இல்லை, சேமிப்புக் காலம் முழுவதும் வரி.

6. வங்கிக் கவுண்டரில்

மொத்தப் பணத்தை நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டியில் வாழ்வது தோட்டத்தில் பலர் தாமாக அமைத்துக்கொள்ளும் ஆண்டுத்தொகை. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் ஏற்பாடு என்பதால் முதல், வட்டி என்ற சிக்கல் இங்கே எழாது. எழுவது வேறு சிக்கல். வட்டியின் மீதான நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரல் முதல் 5%இலிருந்து 10% ஆனது. 10 இலட்சம் ரூபா வைப்புக்கு 8% வட்டி என்றால் ஆண்டுக்கு 80,000 ரூபா. அதில் 8,000 ரூபாவை வங்கியே பிடித்துக்கொள்ளும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கக்கூடாது. பிடித்துவிட்டால் திருப்பிக் கேட்கலாம்.

உரிமை கடதாசியில் இருக்கிறது. பெயர் மூன்று விதமாகப் பதிந்த, அறுபது வயதைக் கடந்த ஒருவர், தன் மொழியில் கதைக்க ஆள் இருக்கிறாரா என்று தெரியாத வங்கிக் கிளைக்குப் போய், தான் வரி கட்டத் தேவையில்லாதவர் என்று தானே எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குத் திறக்கும்போதே கிளை உத்தியோகத்தர் அந்தப் படிவத்தைத் தமிழில் நீட்டினால் பாதிப் பிரச்சினை முடியும்.

7. திருத்தக் கூடியது

நிதியத்தின் வரியை முழுதாக நீக்கு என்பது எளிய கோரிக்கை. 36% வீதத்து அதிகாரிக்கும் அது பரிசாகும் என்பதால் நான் அதை ஆதரிக்கத் தயங்குகிறேன். அரச வருவாய் குறைவதைச் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டுக் காலத்தில் திறைசேரி ஏற்காது என்பதும் வெளிப்படை.

வேறு வழி இருக்கிறது. சேமலாப நிதியத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனிக் கணக்கு உண்டு. மாதாமாதம் செலுத்தப்பட்ட பங்களிப்பிலிருந்து அவருடைய ஆண்டுச் சம்பளத்தைத் திரும்பக் கணக்கிடலாம்: பங்களிப்பு சம்பளத்தின் 20%. ஆண்டுக்கு 360,000 ரூபாவுக்குக் குறைவாகப் பங்களிப்பு வந்த கணக்கின் சொந்தக்காரர், அந்தச் சம்பளத்தைப் பொறுத்தவரை, 18 இலட்ச வரம்புக்குக் கீழே இருக்கிறார். அவருடைய கணக்கில் அறிவிக்கப்பட்ட வட்டியோடு, நிதியம் அவர் பங்குக்குக் கட்டிய 14%ஐயும் வரவு வைக்கலாம்; திறைசேரி அந்தத் தொகையை நிதியத்துக்குத் திருப்பலாம். வேறு வருமானம் உள்ள சிலருக்கும் இது கிடைத்துவிடும் என்ற ஆட்சேபம் சரியானது; உண்ணாட்டரசிறைத் திணைக்களத்தில் கோப்பு உள்ளவர்களை விலக்கி அதைக் குறைக்கலாம். தோட்டத் தொழிலாளி படிவம் எதையும் நிரப்பத் தேவையில்லை. நிதியத்தை நிர்வகிக்கும் மத்திய வங்கி கணக்கு கணக்காக வட்டி கணிக்கும் வேலையை ஆண்டுதோறும் செய்தே வருகிறது. கூற்றில் இன்னொரு நிரை சேர வேண்டும், அவ்வளவே. அதற்கு முன்படியாக, நிதியம் கட்டிய வரியில் இந்த உறுப்பினரின் பங்கு இத்தனை ரூபா என்று ஆண்டுக் கூற்றில் அச்சிடத் தொடங்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.